மைதானத்துக்கு வெளியே: மனச்சோர்வும் மதுவும் குறித்துக் குடும்பத்தாருக்கு ஒரு பாடம்

மேற்குக் கடற்கரையில் ஜூன் மாதம் முதல் நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதங்களில் நம் புறநோயாளர் பிரிவின் முகமே சற்று மாறிவிடும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வோர், கடலில் இருந்தபோது தள்ளிப்போட்ட நோய்களையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவர். அப்படியொரு காலையில் ஒரு தாயார் தம் மகனை அழைத்து வந்தார். மகனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உயரமானவர், வலக்காலைச் சற்றுத் தாங்கி நடந்தார். அறைக்குள் அவர் வரவில்லை. வெளியே தூணருகில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். தாயார் மட்டும் உள்ளே வந்து, தம் கைப்பேசியில் ஒரு நிழற்படத்தைக் காட்டினார். கோவில் திருவிழாவையொட்டி நடந்த கால்பந்துப் போட்டியில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் அதே இளைஞர்.

"பந்து கிட்ட போனா பொன்னு போல பிள்ளையாக்கும் சாரே. ஊரே அவனத்தான் பாக்கும். வீட்டுக்குள்ள காலு வச்சா ஆளே வேற. ஒரு வாக்கு பேச மாட்டான். பேசினா சண்டை. ராத்திரி ஆனா குடி. இது திமிரா, சுகக்கேடா?"

அவர்களுடைய அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன். எழுதுவதற்கு இருவரின் இசைவையும் பெற்றுள்ளேன். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் விடை சொல்ல இயலாது. ஆகவே அதை இவ்விதழின் வாசகர்களுக்கான பாடமாக எழுதுகிறேன். இதற்கு நமக்கு அண்மையில் வாழ்ந்து மறைந்த ஓர் அணித்தலைவரின் வாழ்க்கையைத் துணையாகக் கொள்கிறேன்.

வி. பி. சத்யன் 1965-ஆம் ஆண்டு கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தவர். தற்காப்பு ஆட்டக்காரர். கேரளக் காவல்துறை அணி 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்ற காலத்தில், ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன், ஷரஃப் அலி முதலியோருடன் அத்தலைமுறையின் தூண்களுள் ஒருவராக நின்றார். 1973-இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரளம், அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து 1992-இல் கோயம்புத்தூரில் மீண்டும் வென்றது. அந்த அணியின் தலைவர் சத்யன். இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார். 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றதும் அவர் தலைமையில்தான். அவ்வாண்டின் சிறந்த வீரராக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆட்ட வாழ்வின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். ஆடி முடித்த பின்னும் அவ்வங்கியின் அலுவலராகவும் அணியின் பயிற்சியாளராகவும் சென்னையிலேயே வாழ்ந்தார்.

1992-இல் நான் ஆறாம் வகுப்பு மாணவன். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததை முதியோர் அறிவர். மேற்குப் பகுதித் தேநீர்க்கடைகளில் மலையாள நாளிதழும் தமிழ் நாளிதழும் ஒரே மேசையில் கிடக்கும். கோயம்புத்தூர் வெற்றியின் படத்தை அப்படியொரு கடையில்தான் பார்த்தேன். எங்கள் பள்ளி மைதானத்தில் அந்த வாரம் முழுவதும் பின்களத்தில் நிற்க எல்லோரும் போட்டியிட்டோம். வழக்கமாக அந்த இடத்துக்கு ஓடத் தெரியாதவனைத்தான் தள்ளுவார்கள்.

2006-ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று சத்யன் சென்னையில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 41. சில காலமாக மனச்சோர்வால் வருந்தியிருந்தார் என்று நாளிதழ்கள் எழுதின. எவ்விடத்தில், எவ்வாறு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தகைய விவரங்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவரின் மனத்தில் தங்கிவிடும் என்பதால், அவற்றைத் தவிர்க்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு அறிவுறுத்துகிறது. ஒரு மருத்துவமனை இதழுக்கு அது இன்னும் பொருந்தும்.

அச்செய்தி வந்தபோது நான் பயிற்சி மருத்துவன். இரவுப்பணி முடிந்து தேநீர் அருந்தும்போது படித்தேன். அன்று என் மனத்தில் முதலில் எழுந்த எண்ணத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 'இவ்வளவு பெயரும் வங்கி வேலையும் உள்ளவருக்கு என்ன குறை?' என்றே எண்ணினேன். மருத்துவம் படித்து முடித்தவன் அப்படி எண்ணினான் என்றால், ஊரார் எண்ணுவதில் வியப்பில்லை. நீரிழிவு வந்தவரைப் பார்த்து 'உனக்கு என்ன குறை?' என்று நாம் கேட்பதில்லை. மனச்சோர்வு வந்தவரை மட்டும் கேட்கிறோம்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரில் பரிசோதிக்காத ஒருவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது மருத்துவ அறத்துக்கு மாறானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலேயே இதை விதியாக்கியது. சத்யனின் உள்ளத்தில் நடந்தது இன்னது என்று நான் கூறவில்லை. 2018-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி 'கேப்டன்' என்ற மலையாளத் திரைப்படம் வந்தது. ஜயசூர்யா மிக நன்றாக நடித்திருந்தார். ஆயினும் திரைப்படத்தைக் கொண்டு நோயைக் கணிக்கக் கூடாது. பொதுவெளியில் தெரிந்தவற்றை வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் நடப்பதைப் புரிந்துகொள்வதே என் நோக்கம்.

மைதானம் எதை மறைக்கிறது?

தாயாரின் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. நோயாளி என்றால் எல்லா இடத்திலும் நோயாளியாகத்தானே இருக்க வேண்டும்? பந்தோடு ஓடும்போது சிரித்த முகமாகவும், வீட்டில் இறுகிய முகமாகவும் இருப்பவர் நடிக்கிறார் என்றே தோன்றும்.

ஆட்டக்களம் மனத்துக்கு எதையெல்லாம் தருகிறது என்று பாருங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது தெரியும். தவறு செய்தால் ஊதல் ஒலிக்கிறது. அத்தோடு அது தீர்ந்துவிடுகிறது. உடலை வருத்தி ஓடும்போது மூளையில் சுரக்கும் வேதிப்பொருள்கள் வலியையும் துயரையும் சிறிது நேரம் தணிக்கின்றன. சுற்றி நின்று பெயர் சொல்லி அழைப்பவர்களும் உண்டு. தொண்ணூறு நிமிடம் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க இவை போதும். ஆனால் நாளில் இருபத்து நான்கு மணி நேரம் இருக்கிறது. வீட்டில் ஊதலும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. வட்டிக்காரர் வருகிறார், தங்கையின் திருமணப் பேச்சு நடக்கிறது, வலிக்கும் முட்டியோடு இரவு நீள்கிறது. மனச்சோர்வு உள்ளவர் பகல் முழுதும் முகத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டு, களைத்துப்போய், தம்மை வெளியேற்றமாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் அதைக் கீழே போடுகிறார். அந்த இடம் பெரும்பாலும் வீடு. எனவே அடி வாங்குவது மனைவியும் தாயும். இது அவர்கள் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கான நியாயம் அன்று. கை ஓங்குபவருக்கு நோய் இருந்தாலும், முதலில் குடும்பத்தாரின் பாதுகாப்பு. பிறகுதான் சிகிச்சை பற்றிய பேச்சு.

இன்னொன்று, ஆட்டக்காரரின் தொழில் முப்பது, முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் காவல்துறை, வங்கி, துறைமுகம் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து வீரர்களைக் காத்து வந்தன. அந்த வேலை சோறு போடும். ஆனால் பதினைந்து வயது முதல் 'பந்தாடுகிறவன்' என்ற ஒரே பெயரால் அறியப்பட்டவர், ஒரு திங்கட்கிழமை காலையில் மேசைக்குப் பின்னால் உட்காரும்போது, தாம் யார் என்ற கேள்வி எழும். காயத்தால் இருபத்தைந்திலேயே ஆட்டத்தை விட நேர்ந்தால் அது இன்னும் கடுமை. உலகக் கால்பந்து வீரர்களின் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆடிக்கொண்டிருந்த 607 பேரில் 38 விழுக்காட்டினரும், ஓய்வுபெற்ற 219 பேரில் 35 விழுக்காட்டினரும் மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகளைத் தெரிவித்திருந்தனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடுங்காயங்கள் அடைந்தவர்களிடம் மனநலக் குறைகள் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை மிகுதியாகக் காணப்பட்டன. இவை அவரவர் தாமே சொன்ன அறிகுறிகள். மருத்துவர் உறுதிசெய்த நோய் அல்ல. ஆயினும் காயத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை நினைவில் வையுங்கள். முட்டிக்கு அறுவை செய்துகொண்டவரிடம் நாம் முட்டியைப் பற்றி மட்டுமே கேட்கிறோம்.

பந்துக்குப் பதிலாக மீன்பிடி, தறி, வெளிநாட்டு வேலை என்று எதை வைத்துப் படித்தாலும் இது பொருந்தும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மூன்றாம் மாதம் யாரிடமும் பேசாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வு அழுகையாக மட்டுமே வருவதில்லை

மன அழுத்தம் என்றும் மனச்சோர்வு என்றும் இரு சொற்களை நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். தேர்வு, கடன், சண்டை ஆகியவற்றால் வருவது அழுத்தம். காரணம் விலகினால் பெரும்பாலும் அதுவும் விலகும். மனச்சோர்வு என்பது நோய். நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருத்தல், முன்பு விரும்பியவற்றில் விருப்பமின்மை ஆகிய இரண்டில் ஒன்றேனும், அதனுடன் தூக்கமும் பசியும் மாறுதல், உடல் சோர்தல், கவனம் சிதறல், 'நான் பயனற்றவன்' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு முதலியவற்றில் பலவும் சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரிடம் வர வேண்டும்.

ஆண்களிடம் இது வேறு உடையணிந்து வரும். நம் ஊரில் ஆண்பிள்ளை அழக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம். ஆகவே அழுகை எரிச்சலாகிறது. அற்பமான சொல்லுக்குத் தட்டு பறக்கிறது. பின்னிரவில் இருசக்கர வண்டியை விரைந்து ஓட்டுகிறார். கைப்பேசியில் பணம் வைத்து ஆடுகிறார். நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை. 'தலைவலி, முதுகுவலி' என்று ஊசி போட்டுக்கொள்ள வருகிறார். மனம் வலிக்கிறது என்று சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிக்கிறார். குடும்பத்தார் குடியைத்தான் பார்க்கிறார்கள். குடியால் மனச்சோர்வா, மனச்சோர்வால் குடியா என்று என்னிடம் கேட்பார்கள். பல வேளைகளில் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு நிற்கும். மது சில மணி நேரம் துயரை மழுங்கச் செய்து, மறுநாள் விடியலில் இரட்டிப்பாகத் திருப்பித் தரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே சிகிச்சை செய்கிறோம்.

நடத்தை திடீரென மாறினால் வேறு காரணங்களையும் தேட வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றை இரத்தச் சோதனையில் அறியலாம். தலையில் அடிபட்ட பின் ஒருவர் குணம் மாறினால் அதை 'வீம்பு' என்று எண்ணாதீர்கள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியே கோபத்துக்குக் கடிவாளம். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ மருத்துவர்கள், மறதிநோய் போன்ற மூளைத்தேய்வு நோய்களால் அவர்கள் இறப்பது பிறரைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு மிகுதி என்று 2019-இல் வெளியிட்டனர். பந்தைத் தலையால் முட்டுவதே காரணமா என்பது அந்த ஆய்விலிருந்து முடிவாகவில்லை. திருவிழாப் போட்டியில் தலையில் அடிபட்டு மயங்கியவரைத் தண்ணீர் தெளித்து மீண்டும் களத்தில் இறக்கும் வழக்கத்தை மட்டும் நம் ஊர் மன்றங்கள் உடனே கைவிடலாம்.

ஜார்ஜ் பெஸ்ட், டோனி ஆடம்ஸ்

குடியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். என் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பலவற்றின் பிரச்சினை அதுவே.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1946-இல் பிறந்த ஜார்ஜ் பெஸ்ட், பதினேழாம் வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடத் தொடங்கினார். 1968-இல் அவ்வணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 1974-இன் தொடக்கத்தில், 27 வயதில், அந்த அணியை விட்டே போய்விட்டார். பயிற்சிக்கு வராமை, இரவு விடுதிகள், மது. 1984-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கும் காவலரைத் தாக்கியதற்கும் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய தாயாரும் மதுவுக்கு அடிமையாகி 1978-இல் மறைந்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மது அடிமைத்தனத்தில் பரம்பரைக் கூறு உண்டு. அது விதி அன்று. ஆனால் தந்தையோ தாயோ குடிநோயாளியாக இருந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் கோப்பையே மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிய ஆபத்து.

2002-இல் பெஸ்டுக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார்கள். புதிய கல்லீரல் வந்தும் மீண்டும் குடித்தார். 2005 நவம்பர் 25 அன்று, 59 வயதில் இறந்தார். மாற்று உறுப்பை உடல் தள்ளாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. அந்நிலையில் வந்த தொற்று பல உறுப்புகளையும் செயலிழக்கச் செய்தது. (மாரடோனா மறைந்ததும் 2020-இல் அதே நவம்பர் 25-ஆம் நாள்தான். கோக்கெய்னும் மதுவும் அவரை எவ்வாறு வாட்டின என்பதை நம் ஊர்ச் சுவர்களில் அவர் படத்தை வரைந்தவர்களும் அறிவார்கள்.) பெஸ்டின் கதையைக் கேட்டு 'இரண்டாம் உயிர் கிடைத்தும் திருந்தவில்லையே' என்று உதடு பிதுக்குவோர் உண்டு. கல்லீரலை மாற்றலாம், மதுவைக் கேட்கும் மூளை பழையதாகவே இருக்கிறது. அதற்கான சிகிச்சை தனி.

இப்போது இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்தோ படகில் ஏற்றிவிட்டோ ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாதவற்றைக் கண்டு அஞ்சி, இடம் பொழுது தெரியாமல் போகலாம். இந்நிலை உயிரையும் பறிக்கும். கரையில் நாள் தவறாமல் குடித்துவிட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர் மூன்றாம் நாள் கடலில் 'யாரோ கூப்பிடுகிறார்கள்' என்று எழுந்து நிற்பது பேயும் அன்று, கடல்தோஷமும் அன்று. எலும்பு முறிவுக்காக நம் மருத்துவமனையில் சேர்ந்தவர் மூன்றாம் இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சேர்க்கும்போதே 'இவர் தினமும் குடிப்பார்' என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். மானக்கேடு என்று மறைப்பதால் நேரும் கேடு பெரிது. உரிய மருந்துகளும் தயமின் எனும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் ஒரு வாரத்தில் இக்கட்டம் கடந்துவிடும்.

இரண்டாவது, குடிப்பவருக்குத் தெரியாமல் தேநீரிலும் குழம்பிலும் கலந்து கொடுக்கும் பொடிகள். இவற்றை விற்பவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். சில பொடிகளில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருக்கும். அது உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் நேரலாம். அம்மருந்தை நாங்களும் எழுதுவதுண்டு. நோயாளி அறிந்து, இசைந்து, இதயமும் கல்லீரலும் சோதிக்கப்பட்ட பின்னரே எழுதுகிறோம். மகன்மீது உள்ள அன்பால் ஒரு தாயார் கலந்த பொடியால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மகன் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் உயிர் பிழைத்தான். அதன்பின் அந்த வீட்டில் அவன் ஒரு வாய்ச் சோறும் நம்பி உண்ணவில்லை.

பெஸ்டின் கதைக்கு மறுபுறமும் உண்டு. ஆர்சனல் அணியின் தலைவராயிருந்த டோனி ஆடம்ஸ் 1990-இல் குடித்துவிட்டுக் காரை மோதி, அவ்வாண்டு டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து வந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து குடித்தார் என்பதைக் கவனியுங்கள். தண்டனை அவரை மாற்றவில்லை. 1996-இல் தம் நோயைத் தாமே ஒப்புக்கொண்டு, குடிநோயாளிகளின் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினார். அதன்பின் 1998-இலும் 2002-இலும் அதே அணிக்குத் தலைமையேற்று வென்றார். 2000-இல், தம்மைப் போன்ற விளையாட்டு வீரர்களுக்காக ஒரு சிகிச்சை இல்லத்தையும் நிறுவினார். இத்தகைய கூட்டங்கள் நம் மாவட்டத்திலும் நடைபெறுகின்றன. விவரத்தை நம் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம்.

மறைப்பவரிடம் எப்படிக் கேட்பது?

ஜெர்மனியின் கோல் காப்பாளர் ராபர்ட் என்கே 2009 நவம்பரில், 32 வயதில் மறைந்தார். பல ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு ரகசியமாகச் சிகிச்சை பெற்றவர் அவர். வெளியே தெரிந்தால் ஆட்டமும் போய்விடும், தத்தெடுத்த மகளையும் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சினார் என அவருடைய மனைவி மறுநாளே செய்தியாளர்முன் கூறினார். அந்தத் துணிவான பேச்சுக்குப்பின் அந்நாட்டில் பல ஆண்கள் மருத்துவரை நாட முன்வந்தனர்.

'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. நேராகவும் அமைதியாகவும் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. மூடிய கதவைத் திறக்கிறது. தனியாக இருக்கும்போது கேளுங்கள். குடித்திருக்கும்போது கேட்காதீர்கள். 'மற்றவர்களைப் பார்' என்று ஒப்பிடாதீர்கள். 'குடும்பத்தை நினைத்துப் பார்' என்பதும் உதவாது. தான் குடும்பத்துக்குச் சுமை என்றுதான் அவர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆம் என்று விடை வந்தால் அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளும் தோட்டத்து மருந்துகளும் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். மருத்துவமனைக்கு உடனே அழைத்து வாருங்கள். அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு.

காவல் வழக்கு வரும் என்ற அச்சத்தாலும் பலர் மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று கூறுகிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. உடல் நோய்க்குரிய அதே அடிப்படையில் மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

மாத்திரைகள் குறித்து. எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் போன்றவை தூக்க மாத்திரைகள் அல்ல. மதுவைப் போல மேலும் மேலும் கேட்கும் பழக்கத்தை உண்டாக்குவனவும் அல்ல. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் வயிற்றுக் குமட்டலோ தலைவலியோ வந்து, 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்துவோர் மிகப் பலர். முதல் சில வாரங்களில், குறிப்பாக இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம், படபடப்பு மிகுந்தாலோ சாவு எண்ணம் கூடினாலோ அன்றே எங்களிடம் தெரிவியுங்கள். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகவே நிறுத்த வேண்டும். மாத்திரையோடு பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்தால் பயன் கூடும். இதற்கிடையில் ஒருவர் நடக்கவோ ஓடவோ மீண்டும் தொடங்கினால் நாங்கள் மகிழ்வோம். உடற்பயிற்சி இந்நோய்க்கு உண்மையாகவே நல்லது. ஆனால் 'பந்தாடினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி மருத்துவரைத் தவிர்ப்பதற்கு நம் அணித்தலைவரின் வாழ்க்கையே தடை சொல்கிறது.

அந்த இளைஞரிடம் வருகிறேன். முதல் நாள் அவர் அறைக்குள் வரவேயில்லை. நான் எழுந்து தூணருகே சென்று, "தம்பி, முட்டியில் என்ன காயம்?" என்று கேட்டேன். முட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மூட்டுநாண் கிழிந்த அன்றைய ஆட்டம், வேலைக்கான தேர்வுக்குப் போக முடியாமல் போனது, அதன்பின் உறக்கமின்மை. குடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. இரண்டாம் முறை தாயாரின் வற்புறுத்தலால் வந்தார். மூன்றாம் முறைக்கு வரவில்லை. பிறகு ஒரு மாதம் கழித்து, எலும்பியல் பிரிவுக்கு வந்தவர் தாமாகவே எங்கள் பிரிவின் வாயிலில் வந்து நின்றார். மருந்து தொடங்கினோம், நடுவில் ஒருமுறை குடித்துவிட்டு வந்தார், அன்றும் பார்த்தோம். இப்போது உறங்குகிறார். ஊரில் சிறுவர்களுக்கு மாலையில் பந்து பழக்குகிறார் என்று தாயார் சொன்னார். சண்டை முழுவதும் தீர்ந்துவிடவில்லை என்றும் சொன்னார்.

போன முறை தாயார் வெளியே தூணருகில் உட்கார்ந்திருந்தார். மகன் மட்டும் மருந்துச்சீட்டோடு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.